விசாரித்த கல்லூரி

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மருந்துக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும், அது எங்கே உடையும் என்று தட்டிப் பார்த்துச் சொல்கிற டெஸ்டிங் உத்தியோகம். இருபது வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. "எங்க மெஷின்ல நல்லா ஓடுதே" என்று சொல்கிற எவரையும் நான் நம்பியதில்லை. அப்படிப்பட்டவள், பெற்ற பெண்ணின் மருத்துவக் கல்லூரி விஷயத்தில் விசாரித்த லட்சணத்தை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அவளுக்கு இரண்டு இடங்களில் கிடைத்திருந்தது. இரண்டுமே டி.ஓ. கல்லூரிகள். அமெரிக்காவில் டாக்டராக இரண்டு வழிகள்: எம்.டி. ஒன்று, டி.ஓ. இன்னொன்று. டி.ஓ. படிப்பவர்கள் மற்ற எல்லாவற்றோடும் கூட, கையால் முதுகையும் கழுத்தையும் தடவி அழுத்திச் சரிசெய்யும் ஒரு வித்தையையும் கற்றுக்கொள்வார்கள். படித்து முடித்தபின் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே டாக்டர்தான். இதைப் பிறருக்கு விளக்க நான் மூன்று விதமான பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கோயிலில் கேட்கும் அங்கிள்களுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு ஒன்று. அண்ணனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் கடைசியில், "அப்ப எலும்பு டாக்டர்னு சொல்லு" என்று முடித்துவிடுவார். சரி அண்ணா, எலும்புதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு கல்லூரி நடு அமெரிக்காவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இருந்தது. ரொம்பப் பழையது. மற்றது டெக்ஸாஸில். ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, முதல் வகுப்பே இன்னும் படித்து முடித்து வெளியே வரவில்லை. வெளியே வந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் என்ன பயிற்சிக்குப் போனார்கள் என்ற பட்டியல்தான் கல்லூரியின் ஜாதகம். டெக்ஸாஸ் கல்லூரிக்கு ஜாதகமே எழுதப்படவில்லை. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லி, மற்றதை விட்டுவிட வேண்டும். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. போன வருஷம் விண்ணப்பித்து எங்கேயும் கிடைக்காமல், பிரின்ஸ்டன் பக்கம் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் பிளட் பிரஷர் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியவள் அவள். இந்த முறை தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தத் தப்போடுதான் நாலு வருஷமும் இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் இருக்க வேண்டும்.

அதனால் நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஆட்கள் விசாரிப்பது எப்படி என்று வெளியாருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கல்லூரியின் இணையப் பக்கத்தைப் பார்ப்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். உண்மையான விசாரணை போனில். அந்தக் கல்லூரியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை யார், அதன் அம்மா யார், அந்த அம்மாவைத் தெரிந்தவர் யார் என்று ஒருவர் மூலம் ஒருவராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெருவிலேயே ஆரம்பித்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தேதி, யார், என்ன சொன்னார் என்று எழுதினேன். அப்படி பதினோரு அம்மாக்களிடம் பேசினேன். ஒரு மாணவரிடம்கூடப் பேசவில்லை. அது எனக்கு அப்போது வித்தியாசமாகவே படவில்லை.

பதினோரு பேரில் பெரிய பிடி, மேற்குக் கரையில் குபெர்டினோவில் இருக்கும் என் தோழி. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவள். அவள் மகன் நான் சொன்ன அந்தப் பழைய கல்லூரியிலேயே மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டு வருஷம் வகுப்பறை, அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பயிற்சி என்பதுதான் முறை. அவன் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருப்பதாக அவள் சொன்னாள்.

"சூப்பர் காலேஜ்டி. கண்ணை மூடிட்டுச் சேத்து விடு," என்றாள். "இவனுக்கு மூச்சு விட நேரமில்ல. ஒரு ஊர்ல ஒரு மாசம், இன்னொரு ஊர்ல ஒரு மாசம்னு சுத்தறான். போனே ஞாயித்துக்கிழமைதான்."

"டெக்ஸாஸ் எப்படிடி?"

"அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாருடி இருக்காங்க?"

அதுதான் பிரச்சினை. டெக்ஸாஸ் கல்லூரியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையும் இல்லை. டெக்ஸாஸிலேயே கேட்டி என்ற ஊரில் பதினெட்டு வருஷமாக இருக்கும் என் நாத்தனார், அந்த மாநிலத்தில் எந்த மளிகைக் கடையில் முருங்கைக்காய் எந்தக் கிழமை வரும் என்று சொல்லக்கூடியவர், அவரே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்றார். நோட்டில் பழைய கல்லூரிக்கு ஏழு பக்கம் ஆனது. டெக்ஸாஸுக்கு ஒரே வரி: 'யாருக்கும் தெரியவில்லை.' போதாக்குறைக்கு, எந்த மென்பொருளின் முதல் பதிப்பையும் நான் நம்புகிறவள் இல்லை. என் கணவரும் பழையதுதான் என்றார். அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை, பழையது என்பதே போதுமாக இருந்தது.

பெண்ணோ டெக்ஸாஸ் என்றாள். நேர்காணலில் பேசிய ஆசிரியர்கள் தன்னைப் பற்றி நிஜமாகவே கேட்டார்கள், சின்ன வகுப்பு, ஊரும் பெரிது என்று ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னாள். நான் நோட்டை எடுத்து விரித்து, பழைய கல்லூரியின் ஏழு பக்கத்தையும் படித்துக் காட்டி, டெக்ஸாஸில் நமக்கு யாரையும் தெரியாதே என்றேன்.

"நோபடி நோஸ் மீ தேர், அம்மா. தட்ஸ் த பாயின்ட்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன பேச்சு இது, நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று கேட்டேன். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். சேர இடம் கிடைத்தவர்களுக்கென்று பழைய கல்லூரி ஒரு நாள் நடத்துகிறது. அதற்கு என்னோடு வந்து ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். அதற்கப்புறமும் டெக்ஸாஸ்தான் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டு என் கணவர் சிரித்தார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் குபெர்டினோவிலிருந்து போன். மகன் இரண்டு மணி நேரம் தள்ளி ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம், பார்க்க முடியாதாம்.

"நீ போறதுதான் போற, கொஞ்சம் பருப்புப் பொடி மட்டும் அவனுக்குக் காலேஜ் ஆபீஸ்ல குடுத்துட்டு வா. வரும்போது எடுத்துக்குவான். நான் இங்கிருந்து அனுப்பினா போய்ச் சேர்றதுக்குள்ள வாசமே போயிடுது."

இதை யாராவது மறுக்க முடியுமா? துவரம்பருப்பும் மிளகாயும் பூண்டும் வறுத்துப் பொடித்து, ஒரு டப்பாவில் அடைத்து, அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றினேன். நியூவார்க் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காரர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தும்மினார். என் பெண் பத்தடி தள்ளி நின்று, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனோம். வழியெல்லாம் அறுத்துப் போட்ட சோளக்காடு. ஊரில் ஒரு கடைத்தெரு, இரண்டு தேவாலயம், ஒரு டிராக்டர் கடை. ஐயோ, இங்கே நாலு வருஷமா என்று நினைத்தேன். ஆனால் நோட்டில் ஏழு பக்கம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே படிக்கும் மாணவர்களோடு பேச்சு, பெற்றோருக்கு அனுமதியில்லை. எங்களை வேறொரு அறையில் உட்காரவைத்து, காபியும் கொடுத்து, ஆஸ்பத்திரிகளின் பட்டியலைத் திரையில் ஓட்டினார்கள். பாதியில் எனக்குப் பருப்புப் பொடி ஞாபகம் வந்து எழுந்து வெளியே வந்தேன். ஆபீசில் இருந்த அம்மாள் ரொம்ப நல்ல மாதிரி. மாணவர்களுக்குத் தபால் பெட்டிகள் இருக்கின்றன, வருஷ வாரியாகச் சுவரில் பெயர் போட்டிருக்கும், அவன் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று வழி காட்டினார்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். மூன்றாம் வருஷ வரிசையில் தேடினேன். இல்லை. அகர வரிசையில் முன்னும் பின்னும் பார்த்தேன், இல்லை. இரண்டாம் வருஷ வரிசையில், கண்ணுக்கு நேராக, அவன் பெயர் இருந்தது. பழைய சீட்டை எடுக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சுத்தம் செய்யாத பழைய தகவலை நான் தினமும் பார்க்கிறவள். ஆனால் அந்தப் பெட்டியில் அந்த வாரத் தேதி போட்ட நோட்டீசுகள் இருந்தன. பக்கத்தில் கழுத்தில் போடும் அடையாள அட்டையும் தொங்கியது.

அப்போது கூடத்தின் கதவு திறந்தது. பிள்ளைகள் கலகலவென்று வெளியே வந்தார்கள். என் பெண் யாருடனோ பேசிக்கொண்டே அடுத்த கட்டடத்துக்குப் போகும் கூட்டத்தோடு போனாள், என்னைக் கவனிக்கவில்லை. கடைசியாக, அவர்களிடம் பேசப் போயிருந்த மூன்று மாணவர்கள் வந்தார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் பார்த்த முகம். கையில் பருப்புப் பொடி டப்பாவோடு இரண்டாம் வருஷப் பெட்டிக்கு முன்னால் நான் நிற்பதைப் பார்த்த பிறகு அவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

"ஆன்ட்டி," என்றான்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். போன வருஷம் இரண்டு பாடத்தில் விழுந்துவிட்டான். இரண்டாம் வருஷம் முழுவதையும் திரும்பப் படிக்கிறான். வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த ஆஸ்பத்திரி, இந்த ஆஸ்பத்திரி என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ். செகண்ட் இயர் முடிஞ்சு வர்ற போர்டு எக்ஸாம் பாஸ் பண்ணிட்டு நானே சொல்றேன். அம்மா எல்லார்கிட்டயும் தேர்ட் இயர்னு சொல்லி வச்சிருக்காங்க."

எல்லாரும் என்றால் யார்? நான்தான். என் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் அது பச்சை மையில் எழுதப்பட்டிருந்தது. சொல்ல மாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னேன். இளைத்திருந்தான். டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, மூடிக்கொண்டான். தேங்க்ஸ் ஆன்ட்டி என்றான். எனக்குத் துக்கமாகவும் இருந்தது, அதே சமயம் என் தோழிமேல் பொல்லாத எரிச்சலாகவும் இருந்தது. பெற்ற பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்றே தெரியாதவளா எனக்குக் கல்லூரி விசாரித்துச் சொன்னவள்!

திரும்பும் விமானத்தில் என் மனம் தலைகீழாக மாறிவிட்டது. அந்தப் பையன் என் பெண்ணைவிடப் படிப்பில் கெட்டி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டி, அறிவியல் போட்டி என்று வீடு நிறையக் கோப்பை வைத்திருந்தவன். அவனே விழுந்த இடத்தில் இவள் எம்மாத்திரம்? சோளக்காட்டுக்கு நடுவே, பேச ஆளில்லாமல், விழுந்ததைச் சொல்லக்கூட முடியாமல் இவள் ஒரு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல் கண்ணுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. வேண்டவே வேண்டாம். டெக்ஸாஸ்தான் சரி. சின்ன வகுப்பு, பெரிய ஊர், அவசரத்துக்குக் கேட்டியில் நாத்தனார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள், இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டே பெண் சொன்னாள். பழைய கல்லூரிதான் தனக்குப் பிடித்திருக்கிறதாம்.

"டெக்ஸாஸ்னு சொன்னியே?" என்றேன்.

"ஐ சேஞ்ச்ட் மை மைன்ட்."

"டெக்ஸாஸ்தான் நல்லாருக்கும்னு எனக்குத் தோணுது."

என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "உனக்கு என்ன ஆச்சு? மூணு மாசமா பழசு பழசுன்னு எங்க உசிரை வாங்கின. டிக்கெட் போட்டு இழுத்துட்டுப் போன. அவ சரிங்கறப்ப நீ புதுசுங்கற."

"ஊரைப் பாத்தேங்க. ஒண்ணுமில்ல அங்க. வெறும் காடு."

"காடுன்னு போறதுக்கு முன்னாடி தெரியாதா?"

சொல்ல வேண்டிய ஒரே காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். குளிர் அதிகம் என்றேன். நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னதைக் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விமானம் மாறிப் போக வேண்டும் என்றேன், காய்கறி கிடைக்காது என்றேன். எதைச் சொன்னாலும் நொண்டிச் சாக்காகவே இருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை கெடு நெருங்கிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை மாலை, பாத்திரங்களை மெஷினில் அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியாமல், "அங்க படிக்கிறது ரொம்பக் கஷ்டம்டி, கெட்டிக்காரப் பசங்களே விழறாங்க," என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் ஒரு தட்டை வைத்தபடியே, "யூ மீன் ஆன்ட்டி'ஸ் சன்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன்தான் சொன்னானாம். என்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே, அந்தக் கூடத்தில், நாற்பது பேருக்கு முன்னால். நான் இந்த வருஷத்தை இரண்டாம் தடவை படிக்கிறேன், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தானாம். முன்பின் தெரியாத நாற்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, குபெர்டினோவில் ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை.

என் பெண் கையை உயர்த்தி, நீங்கள் விழுந்தபோது இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டாளாம். விழுந்த மறுநாளே ஒரு ஆசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார், வாராவாரம் செவ்வாய்க்கிழமை இன்றுவரை பேசுகிறார், இதேபோல் விழுந்து எழுந்து இப்போது டாக்டராக இருக்கும் இரண்டு பேரின் போன் நம்பரைக் கொடுத்தார் என்று அவன் சொன்னான். அன்றைக்கே அவள் அதே கேள்வியை டெக்ஸாஸுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். அவர்கள் மரியாதையாக, ஒளிக்காமல் பதில் போட்டிருந்தார்கள். இதுவரை எங்களுக்கு அப்படி ஒன்றிரண்டு பேர்தான், அவர்களிடமிருந்து நாங்களும் கற்றுக்கொண்டுவருகிறோம் என்று. நல்ல பதில்தான் அம்மா, ஆனால் அவர்கள் யாரை வைத்துக் கற்றுக்கொள்கிறார்களோ அந்த ஆளாக நான் இருக்க வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றாள்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் தொழிலில் முதல் கேள்வி. பதினோரு பேரிடம் பேசிய நான் அதை ஒருவரிடமும் கேட்கவில்லை. இவள் இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறாள். பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீம்பு விடவில்லை. "அதெல்லாம் சரி, விழுந்துட்டான்ல?" என்றேன். அவள் மெஷினை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். பதினோரு மணி வாக்கில் குபெர்டினோ போன். அங்கே எட்டு மணி, ஆபீசுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டே பேசுகிற நேரம் அவளுக்கு.

"பொடி கிடைச்சதுன்னான். நேர்ல பாத்தியாமே?"

"ஆமா ஆமா, பாத்தேன்டி. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதோ வேலையா வந்திருந்தான். ஆமா ஆமா, நல்லாருக்கான்."

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. காரை எங்கேயோ ஓரம் கட்டினாள் என்று நினைக்கிறேன்.

"பொய் சொல்றப்ப நீ ரெண்டு ரெண்டு ஆமா போடுவ. ஹாஸ்டல்லயே அப்படித்தான்," என்றாள். "எனக்குத் தெரியும்டி."

செப்டம்பரிலேயே தெரியுமாம். கல்லூரி இணையப் பக்கத்தில் இரண்டாம் வருஷ மாணவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் அழுத்திப் பழகுவதுபோல் ஒரு படம் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் அவன் நின்றுகொண்டிருந்தான். என்ன பாடம், எதனால், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஏழு மாசமாகச் சும்மா இருக்கிறாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட சூப்பர் காலேஜ்னியா? என் பொண்ணு வாழ்க்கைடி அது! நீ சொன்னதை நம்பி எழுதி வச்சிருக்கேன்."

"நான் சொன்னதுல எதுடி பொய்? தேர்ட் இயர்னு சொன்னது பொய்தான், ஒத்துக்கறேன். காலேஜ் நல்ல காலேஜ்னது பொய்யில்ல. அவனை வீட்டுக்கு அனுப்பிடலையே. வச்சுக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை அவன் குரல் இப்பத்தான் ரெண்டு மாசமா பழையபடி இருக்கு. வேற எதை வச்சு நான் சூப்பர்னு சொல்றது?"

பதினோரு பேரில் நிஜமாகவே ஒரு காரணத்தோடு சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்தக் காரணத்தைத்தான் வெளியே சொல்ல முடியாமல் வைத்திருந்தாள்.

"அப்ப அவன்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவான். அப்புறம் போன் பண்றதை நிறுத்திடுவான்," என்றாள். "எனக்குத் தெரியும்னு நீ அவன்கிட்ட சொல்லிடாத, என்ன? அவனே சொல்லட்டும்."

சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு வாரத்தில் அம்மாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று இரண்டு வாக்கு. போனை வைத்த பிறகு கம்ப்யூட்டரில் என்ன வேலை பார்த்தேன் என்று தெரியாது. அவ்வளவு நெருக்கமாக இருந்தவள் ஏழு மாசம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, இன்னும் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் மாடிக்குப் போனேன். பெண் கட்டிலில் கால் மடித்து உட்கார்ந்து லேப்டாப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய காலேஜுக்கே சரின்னு சொல்லிடு," என்றேன்.

"ஐ டிட். திஸ் மார்னிங்," என்றாள். டெக்ஸாஸுக்கும் நன்றி சொல்லி எழுதிவிட்டாளாம்.

என்னைக் கேட்காமலா என்று வழக்கமாக வருகிற கோபம் அன்றைக்கு வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்னவோ கேட்க வேண்டும் என்று வந்தவளுக்கு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் பட்டென்று கேட்டேன்.

"அங்க போய் ஏதாவது தப்பாப் போச்சுன்னா, எங்கிட்ட சொல்லுவியா?"

ஆஃப் கோர்ஸ் அம்மா என்று உடனே சொல்வாள் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விளையாட்டில்லை, நிஜமாகவே யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"ஐ வில் ட்ரை, அம்மா," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்து நாலு வருஷம் வளர்த்து, அவளிடம் நான் சம்பாதித்து வைத்திருப்பது அவ்வளவுதான்.